பச்சைக் குளமும் என் அவசரப் பதிலும்

போன வாரக் காலை நிகழ்ச்சியில் பெக்கான் நானாஸிலிருந்து ஒரு நேயர் அழைத்தார். "தம்பி, எங்க தாமான் குளம் ஒரே பச்சையா கெடக்கு. பாசி காத்துல உள்ள கரியை இழுத்துக்கும்னு பேத்தி சொல்றா. அப்போ நல்லதுதானே?"

அடுத்த பாட்டுக்கு சில விநாடிகளே இருந்தன. "நல்லதுதான் ஐயா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் உறுத்தியது. படித்துப் பார்த்தேன்.

பேத்தி சொன்னதில் பாதி சரி. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் கிட்டத்தட்ட பாதி, கண்ணுக்குத் தெரியாத கடல் பாசிகளின் வேலைதான். அங்கே செத்த பாசியில் கொஞ்சமாவது ஆழத்துக்குப் போய்த் தங்கும். இடுப்பளவுக் குளத்தில் அதற்கு இடமேது? சில நாளே வாழும் பாசி செத்துச் சேற்றில் விழுகிறது. காற்றடித்தால் சேறு கிளறி மேலே வருகிறது. நுண்ணுயிர்கள் தின்று, இழுத்த கரியைத் திரும்ப விட்டுவிடுகின்றன. அடியில் பிராணவாயு தீர்ந்தால் மீத்தேன் வரும். 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் சூடேற்றும். புதுப் பாசியைத் தின்று தெம்பான நுண்ணுயிர்கள், சேற்றிலுள்ள பழைய கரியையும் கரைக்கத் தொடங்குவதுண்டு.

பாசி எல்லாம் ஒன்றல்ல. சிலிக்கா ஓடு போட்ட டயட்டம் கனம், அடியில் படியும். மிதக்கும் நீலப்பச்சைப் பாசியோ வெயிலை மறைத்து நீர்ச்செடிகளைக் கொன்றுவிடும். சேற்றைப் பிடித்து வைத்திருந்த வேரும் போச்சு! சீனாவின் தாய்ஹு ஏரியின் சராசரி ஆழம் சுமார் 2 மீட்டர்தான். 2007-இல் அங்கே பாசி பெருகி, வூஷி நகரில் சுமார் 20 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள்.

கரியைச் சேமிக்கும் நீர்நிலை நம் நாட்டிலேயே இருக்கிறது. 1994-இல் நம் முதல் ராம்சார் தலமான பகாங்கின் தாசேக் பெரா. அதைச் சுற்றிய சதுப்பில் மக்காத செடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரி மண்ணாகச் சேர்ந்திருக்கின்றன. பொந்தியான் பக்கத்து அன்னாசி விளைவதும் அதே வகை மண்ணில்தான். பாரிட் வெட்டி வடித்தால் அந்தக் கரியும் காற்றில் கலக்கும். அது தனிக் கதை.

நேற்று அந்த ஐயாவை அழைத்து, என் பதில் தப்பு என்றேன். உரமும் சோப்புத் தண்ணீரும் எந்த வழியாக வருகின்றன என்று பார்க்கச் சொன்னேன்.

"பார்க்க என்ன இருக்கு தம்பி, மேலே உள்ள சாப்பாட்டுக் கடை கழுவுற தண்ணி நேரா இங்கதான் வருது. நகராண்மைக் கழகத்துக்கு எழுதணும். நீங்க தப்பா சொன்னதை ரேடியோவுல கேட்டு, 'பச்சையே இருக்கட்டும்'னு எல்லாரும் சும்மா இருக்காங்க. முதல்ல அதைச் சரி பண்ணுங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை 7 மணிச் செய்திக்குப் பிறகு பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.