மடை இல்லாத ஊருணி

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களைக் கவனித்திருக்கிறீர்களா? கரை, மடை, மறுகால் ஆகிய மூன்றும் இருக்கும். ஆனால் ஒன்றைப் போல் மற்றொன்று இராது. நிலம் சரியும் திசைக்குக் குறுக்கே கரை வளைந்து நிற்கும். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுவதால் கரையின் அடி அகலமாக இருக்கும். வயல் எப்பக்கமோ அப்பக்கம் மடை. ஊருணியோ குடிநீருக்கானது, பாய்ச்ச வயல் இல்லை, ஆகவே மடையும் வேண்டாம். 'நீர்நிலை என்றால் மடை வேண்டும்' என்று ஒருவர் ஊருணிக்கு மடை வைத்தால் ஊரே சிரிக்காதா?

கணிப்பொறி நிரல் எழுதுவோரில் சிலர் இதைத்தான் செய்கிறார்கள்.

வீடு, தெரு, ஊர் ஆகியவற்றை அமைப்பதில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்கு 253 தீர்வு மாதிரிகளைத் தொகுத்து, கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞர் தம் குழுவினருடன் 1977இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே கருத்தை மென்பொருளில் பரவலாக்கியவர்கள் எரிக் காமா, ரிச்சர்டு ஹெல்ம், ரால்ப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் என்ற நால்வர். 1994இல் வந்த அவர்களது நூலில் 23 மாதிரிகள் உள்ளன. ஒவ்வொன்றையும் எப்போது பயன்படுத்தலாம், அதனால் என்ன விளையும் என்பதையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். பலர் அந்தப் பகுதியைப் படிப்பதில்லை!

அவற்றுள் ஒன்று 'பொறுப்புச் சங்கிலி'. வந்த வேலையை ஓர் உறுப்பு தன்னால் முடிந்தால் செய்யும். முடியாவிட்டால் அடுத்ததற்கு அனுப்பிவிடும். மேல் கண்மாய் நிறைந்ததும் மறுகால் வழியே கீழ்க் கண்மாய்க்கு நீர் போவதை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம். பல படிகள் இருந்து, அவை அடிக்கடி மாறவும் கூடுமானால் இது அருமையான ஏற்பாடு. ஆனால் பள்ளி விடுப்பு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விடுப்பு என்றால் வகுப்பாசிரியர், அதற்கு மேல் என்றால் தலைமையாசிரியர். 'இப்படியானால் இது, இல்லையேல் அது' என்று நான்கு வரியில் முடியும் நிரலுக்குச் சங்கிலி எதற்கு? நாளை அதில் ஒரு பிழை வந்தால், தேடுபவர் ஐந்தாறு கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும்.

மொழி மாறினாலும் தேவை மாறும். லிஸ்ப், டிலன் போன்ற மொழிகளில் அந்த 23இல் 16 மாதிரிகள் எளிதாகிவிடும் அல்லது தேவையே இராது என்று பீட்டர் நார்விக் 1996இல் எடுத்துக்காட்டினார்.

இயற்பியல் வகுப்பிலும் இந்த நோய் உண்டு. முடுக்கம் மாறாதபோது மட்டும் பொருந்தும் சூத்திரத்தை, ஊசலுக்கும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

குற்றம் மாணவருடையது மட்டுமன்று. மாதிரியின் பெயரையும் படத்தையும் கேட்டு மதிப்பெண் தரும் வினாத்தாளுக்கும் இதில் பங்குண்டு. ஒரு சிறு நிரலைக் கொடுத்து, 'இதற்கு எந்த மாதிரி வேண்டாம், ஏன்?' என்று கேட்டால் என்ன?