வாணவேடிக்கையை எங்கிருந்து காண்பது?

டிசம்பர் 31ஆம் நாள் மாலையில் திருவனந்தபுரம் நகரத்தார் பலர் கோவளம் கடற்கரையை நோக்கிப் புறப்படுவர். ஆண்டு முழுவதும் அலுவலகமும் அடுக்களையுமாகக் காலம் கழித்த கணவனும் மனைவியும், அன்று ஒரு நாளேனும் வெளியே உணவருந்தி, நள்ளிரவில் வாணவேடிக்கையைக் கண்டு வீடு திரும்ப விரும்புவது இயல்பே. "வீட்டில் சோறு இல்லையா?" என்று மூத்தோர் சிலர் கடிந்துகொள்வதுண்டு. நாள்தோறும் அச்சோற்றை ஆக்குபவர் யார் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறர் சமைத்த அப்பத்தையும் மீன் கறியையும் இருவரும் எதிரெதிரே அமர்ந்து உண்பதை வீண்செலவு எனக் கூறுதல் பொருந்தாது.

வாணவேடிக்கையை அவ்வாறு எளிதில் ஒப்புக்கொள்ள இயலாது. உணவின் இன்பம் உண்பவரோடு முடிகிறது. வெடியோசையோ, அதனை விரும்பாதவர் வீட்டிற்குள்ளும் நுழைகிறது. தொட்டிலில் உறங்கும் குழந்தையும் நோயுற்ற முதியவரும் அதிலிருந்து தப்ப முடியாது.

கொல்லம் மாவட்டம் பரவூரில் உள்ள புற்றிங்கல் தேவி கோயிலில் 2016 ஏப்ரல் 10ஆம் நாள் விடியற்காலையில் நிகழ்ந்ததைக் கேரள மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மீனபரணித் திருவிழாவின் வாணவேடிக்கையில் எழுந்த தீப்பொறி, வெடிபொருள்கள் வைக்கப்பட்டிருந்த கட்டடத்தில் விழுந்தது. கட்டடம் வெடித்துச் சிதறியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காயமுற்றோர் பலர் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். போட்டி வாணவேடிக்கைக்கு மாவட்ட நிருவாகம் முன்னரே அனுமதி மறுத்திருந்தது என்பதே இதில் மிகவும் வருந்தத்தக்கது. மாண்டோருள் பலர் வெடி கொளுத்தியவர் அல்லர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், புத்தாண்டு இரவில் 11.55 மணி முதல் 12.30 மணி வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என வரையறுத்தது. முப்பத்தைந்து நிமிடம் போதாது எனக் குறைகூறுவோர் உளர். கழுத்தை நிமிர்த்தி முப்பத்தைந்து நிமிடம் வானத்தை நோக்கிப் பார்த்தவர்கள் அவ்வாறு கூறமாட்டார்கள்! அதே தீர்ப்பு, ஆங்காங்கே தனித்தனியாக வெடிப்பதைவிட ஒரு பொது இடத்தில் கூடி வெடிப்பதை ஊக்குவித்தது. அதிகம் பேசப்படாத இப்பகுதியே மிகவும் பயனுடையது.

பட்டாசை அறவே ஒழித்துவிடலாம் என்பாரும் உண்டு. சிவகாசியில் அத்தொழிலையே நம்பி வாழும் குடும்பங்களை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். திருவனந்தபுரத்திலேயே தீபாவளியன்று மத்தாப்பு இல்லாத தமிழர் இல்லத்தைக் காண்பது அரிது. மேலும், வாணத்தின் அழகு ஓசையில் இல்லை. ஸ்ட்ரான்சியம் சிவப்பாகவும், சோடியம் மஞ்சளாகவும், செம்பு நீலமாகவும் எரிந்து விரியும் நிறங்களிலேயே அது உள்ளது. ஓணம் வாரத்தில் கனகக்குன்று அரண்மனைப் பகுதியில் மின்விளக்குகளைக் காணத் திரளும் கூட்டமே இதற்குச் சான்று. அங்கு ஒரு வெடியும் வெடிப்பதில்லை. ஆயினும் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு மக்கள் வந்தவண்ணம் இருக்கின்றனர்.

ஆகவே, விடுதிதோறும் தனித்தனியே வெடிப்பதை விடுத்து, கடற்கரையில் ஓரிடத்தைத் தேர்ந்து, பயிற்சி பெற்றோரைக் கொண்டு, தீயணைப்பு வண்டி அருகில் நிற்க, கடலை நோக்கி வாணங்களை விடச் செய்யலாம். மக்களை ஒரு கிலோமீட்டர் தொலைவில் நிறுத்தினாலும் காட்சி குன்றாது. ஒளி உடனே கண்ணை எட்டும். ஓசை ஏறத்தாழ மூன்று நொடி கழித்து, வலிமை குறைந்து வந்து சேரும். அத்தொலைவில் உணவு மேசையின் முன் அமர்ந்திருக்கும் கணவனும் மனைவியும், பேச்சை நிறுத்தாமலேயே அதனைக் கண்டு மகிழலாம்.