வறுமையும் வாளும்

வறுமைதான் பயங்கரவாதத்தின் தாய் என்று நம் மேடைகளில் அடிக்கடி முழங்கக் கேட்கிறோம். கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைகளை நோக்குவார்க்கு இக்கூற்று அத்துணை எளிதில் ஒப்பக்கூடியதன்று. 1971 ஏப்ரல் 5ஆம் நாள் இரவு மக்கள் விடுதலை முன்னணி இளைஞர் நாடெங்கும் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். 'சேகுவேராக் கலகம்' என்பது அதற்கு மக்கள் இட்ட பெயர். வறுமையே காரணமாயின், முதலில் துப்பாக்கி ஏந்தியிருக்க வேண்டியவர் தேயிலைத் தோட்டத்து லயன் அறைகளில் வாழ்ந்தவரன்றோ? 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரசாவுரிமையையும், அதைத் தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்தவர்கள் அவர்கள். அவர்கள் எழவில்லை. எழுந்தவர் கிராமத்துப் படித்த சிங்கள இளைஞர்.

காவலில் வைக்கப்பட்ட பதினாயிரத்துக்கு மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்து மானிடவியலாளர் கணநாத ஒபயசேகர 1974இல் எழுதிய கட்டுரை இதனை ஐயமற நிறுவுகின்றது. பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர், தாய்மொழியில் கற்றவர். இலவசக் கல்வி 1945இல் வந்தது. அதனை அடுத்து மலேரியா அடக்கப்பட்டது. சாகவேண்டிய பிள்ளை பிழைத்தது. பிழைத்த பிள்ளை பள்ளிக்கும் சென்றது. 1946இல் ஏறத்தாழ 67 இலட்சமாயிருந்த குடிசனம் 1971இல் 127 இலட்சமாயிற்று. இரு பெரும் நன்மைகள் கூடி ஒரு தலைமுறையை ஈன்றன. அதற்கு உத்தியோகம் ஈவார்தாம் இல்லை.

நிலமும் இல்லை. கண்டிக் கிராமங்களின் நில நெருக்கடியை 1951ஆம் ஆண்டின் கண்டியக் குடியானவர் ஆணைக்குழு அறிக்கை முன்னரே எடுத்துரைத்திருந்தது. உள்ள சில உத்தியோகங்களோ பாராளுமன்ற உறுப்பினரின் துண்டுக் கடிதம் பெற்றோர்க்கே கிட்டின. டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு, கலகம் நிகழ்ந்த அவ்வாண்டிலேயே, படித்தவன் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டிலுள்ள வேலைக்கும் இடையே விழுந்த பிளவைச் சுட்டிக்காட்டியது.

சிங்கள மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று ஒரு பெயருண்டு. வாள் என்பது பொருள். பேராதனையில் தாய்மொழியிற் பட்டம் பெற்றவனை நேர்முகப் பரீட்சையில் வெட்டி வீழ்த்தும் வாள் அது! புள்ளிவிவரம் பலவற்றினும் இவ்வொரு சொல் அவ்விளைஞரின் மனப்புண்ணைத் தெளிவாகக் காட்டுவதாக நான் கருதுகிறேன். அப்புண்ணைக் கொலைக்கு நியாயமாக்குவது என் கருத்தன்று. கலகத்தை ஒடுக்குகையில் ஆயிரக்கணக்கில் நிகழ்ந்த கொலைகளுக்கும் நியாயமில்லை.

தோட்டத்து மக்கள் எழாமையைப் பொறுமையென்று புகழ்வோர் உளர். அப்புகழ்ச்சியில் எனக்கு உடன்பாடில்லை. 1940இல் ஹேவாஹெட்டையை அடுத்த முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானது வேலைநிறுத்தத்தின்போதுதான். போராட்டம் அவர்க்குப் புதிதன்று. ஆனால் அவர்கள் குறையைச் சொல்லச் சங்கம் இருந்தது. கிராமத்து வேலையற்ற பட்டதாரிக்கு அதுவுமில்லை. மேலும், முன்னணியின் ஐந்து வகுப்புகளுள் ஒன்று தோட்டத் தமிழரை இந்திய விஸ்தரிப்பின் கருவியென்றே போதித்தது. அத்தகையோர் அழைப்பினும் தோட்டத்தார் எங்ஙனம் செல்வர்? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆரம்ப வகுப்போடு நின்ற தோட்டப் பாடசாலை அவர்களுக்குப் பெரிய எதிர்பார்ப்பு எதனையும் ஊட்டவில்லை. ஏமாற்றத்துக்கும் எழுத்தறிவு வேண்டியிருந்தது.

1987இல் இரண்டாம் கிளர்ச்சி மூண்டது. பேராதனையும் குருதி கண்டது. 1990இல் வெளிவந்த இளைஞர் ஆணைக்குழு அறிக்கையைச் சியர்ஸ் அறிக்கையின் பக்கத்தில் வைத்து வாசிக்கும் ஆசிரியர், நியமனங்களில் அரசியல் தலையீடு, மொழியால் விளையும் பாகுபாடு என்று பழைய குறைகள் பலவற்றை மீண்டும் காண்பர். இன்று தோட்டத்துப் பிள்ளைகளும் உயர்தரச் சான்றிதழுடன் கண்டி நகருக்கு வேலை தேடி இறங்குகின்றனர்.