ஊர்ப் பெயரை மாற்றிப் பாருங்கள்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் மேலகரத்துக்காரனுக்கு இரண்டு சங்கடம். அருவிக்குப் போக முடியாது. வெளியூர் ஜனங்கள் அத்தனை பேரும் அங்கே நிற்பார்கள். வீட்டிலும் இருக்க முடியாது. உறவுக்காரர்கள் அத்தனை பேரும் இங்கே வந்து நிற்பார்கள். சென்ற ஆடியில் என் அக்கா தன் இரண்டு பிள்ளைகளோடு வந்து பத்து நாள் தங்கினாள். மூத்தவன் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். இளையவன் காலேஜில் முதல் வருஷம். இருவரும் அருவிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டு டெலிவிஷன் பெட்டியில் தங்கள் கம்ப்யூட்டரை மாட்டி வைத்துக்கொண்டு பத்து நாளும் ஒரே சண்டை.

சண்டை சொத்துக்காக அல்ல. ‘ஃபைனல் ஃபேண்டஸி’ என்ற ஜப்பானிய விளையாட்டு வரிசையில் எது உசத்தி என்பதற்காக.

இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நானும் முதல் நாள் முகம் சுளித்தவன்தான். “சின்னப் பிள்ளைகள் விஷயம்” என்று சாய்வு நாற்காலியை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆனால் சண்டையில் அடிபட்ட வார்த்தைகள் என்னை உள்ளே இழுத்துவிட்டன. “இது அந்தப் பரம்பரையே இல்லை” என்றான் மூத்தவன். “பழசையே கட்டிக்கிட்டு அழு” என்றான் இளையவன். அடடா, இவை தென்காசியில் எங்கள் இலக்கிய நண்பர்கள் கூடும்போதெல்லாம் நான் கேட்கிற வார்த்தைகள் அல்லவா!

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987-ல் ஸ்கொயர் என்ற ஜப்பானியக் கம்பெனியில் ஹிரோனோபு சகாகுச்சி என்பவர் தலைமையில் முதல் விளையாட்டு வந்தது. ஆடுகிறவன் ஒரு சிறு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு தேசம் தேசமாகப் போவான். சண்டை போட்டுத் தேறுவான். ஊர்களில் ஆயுதமும் மருந்தும் வாங்குவான். கடைசியில் உலகத்தை அழிக்க வந்தவனை எதிர்த்து நிற்பான். 2023 வரை எண் போட்டு வந்தவை 16. தொடர்கதை போல ஒன்றன் வால் மற்றொன்றின் தலையில் ஒட்டியிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் உலகம் வேறு, ஜனங்கள் வேறு, கதை வேறு. ஆனால் சில சம்பிரதாயங்கள் மட்டும் விடாது வரும். குதிரைக்குப் பதில் ஏறிச் செல்ல ‘சோகோபோ’ என்று ஒரு பெரிய பறவை. இரண்டாவதிலிருந்து எதை எடுத்தாலும் அதில் ‘சிட்’ என்ற பெயரில் எவனாவது ஒருவன்.

இதைக் கேட்டவுடன் எனக்குக் குறவஞ்சி ஞாபகம் வந்தது. மேலகரத்தில் பிறந்தவனுக்கு வராமல் இருக்குமா? திரிகூடராசப்பக் கவிராயர் எங்கள் ஊர்க்காரர். குறவஞ்சியும் ஒரு வரிசைதான். தலைவன் உலா வருவான், பந்தாடும் தலைவி பார்த்து மயங்குவாள், நிலவைத் திட்டுவாள், குறத்தி வந்து தன் மலைவளம் பாடிக் கைபார்த்துக் குறி சொல்லுவாள், பிறகு குறவன் சிங்கன் தன் சிங்கியைத் தேடிக்கொண்டு வருவான். கோயிலுக்குக் கோயில், ராஜாவுக்கு ராஜா இந்த அச்சில் வார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். சிட் வராத விளையாட்டு எப்படி இல்லையோ அப்படியே சிங்கன் வராத குறவஞ்சியும் இல்லை.

இனிச் சண்டைக்கு வருகிறேன். மூத்தவன் கட்சி: 1997-ல் வந்த ஏழாவதுதான் அசல், பின்னால் வந்தவை எல்லாம் துரோகம், அதிலும் பதினாறாவதில் முறைவைத்துச் சண்டையிடும் வழக்கத்தையே தூக்கி எறிந்துவிட்டார்கள். இளையவன் கட்சி: பழசெல்லாம் பொம்மைக் கூத்து, சண்டை என்றால் பதினாறாவதைப் போல் கண்ணிமைக்க நேரமில்லாமல் இருக்க வேண்டும்.

இரண்டு பேரும் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆறு நாள் ஆயிற்று. ஆறு நாளும் நானே பொத்தான்களைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “ஏ தம்பி, நீயும் இதுகளோட சேர்ந்தாச்சா?” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

மூத்தவனுடைய ‘பரம்பரை’ என்ற வாதம் நிற்காது. 1991-ல் வந்த நாலாவதிலேயே, நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது எதிரி காத்திருக்க மாட்டான் என்று முறையை மாற்றிவிட்டார்கள். 2006-ல் வந்த பன்னிரண்டாவதில் சண்டைக்கென்று தனித்திரை விழுவதே போயிற்று. மாற்றுவதுதான் இந்த வீட்டு வழக்கம். மாற்றாதே என்று கேட்கிறவன் உண்மையில் விளையாட்டைப் பற்றிப் பேசவில்லை. தான் முதன்முதலில் அதைத் தொட்ட வயதைப் பற்றிப் பேசுகிறான். அந்த வயது எனக்கும் வேண்டும். எந்தக் கம்பெனி தயாரித்துக் கொடுக்கும்?

இளையவனுடைய ‘புதுமை’ வாதமும் நிற்காது. 2009-ல் வந்த பதின்மூன்றாவதில் புதுமைக்கு என்ன குறைச்சல்? படம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் பதின்மூன்று அத்தியாயங்களில் பத்து வரைக்கும் ஏறக்குறைய ஒரே நேர்வழி. ஆஸ்பத்திரி வராந்தாவில் நடப்பதுபோல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். போகிற வழியில் ஓர் ஊர் உண்டா, ஊரில் சும்மா பேச ஒரு கிழவி உண்டா என்றால் அபூர்வம். இதைவிடக் குற்றாலம் பஸ் தேவலை.

எங்கள் நண்பர்கள் கூட்டத்திலும் இதே இரண்டு கட்சிதான். ஒரு கட்சிக்குத் தாங்கள் காலேஜில் படித்த நாவல்களுக்குப் பின் தமிழில் நாவலே கிடையாது. மறு கட்சிக்குக் கதை தலைகீழாக நின்றால்தான் இலக்கியம். அச்சை மாற்றினாயா, மாற்றவில்லையா என்பதைத் தவிர இவர்கள் இருவருக்கும் வேறு கேள்வியே இல்லை. எனக்கு இது சுத்த அபத்தமாகப் படுகிறது.

குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கவிராயர் எந்த விதியையும் உடைக்கவில்லை. உலா உண்டு, பந்து உண்டு, நிலவு உண்டு, குறத்தி உண்டு. ஆனாலும் மதுரை நாயக்கர் முத்து விசயரங்க சொக்கலிங்கர் ‘குறவஞ்சி மேடு’ என்று நிலம் எழுதிக் கொடுத்தார். சுமார் 200 வருஷத்துக்கு மேல் கழித்து, 1944-ல், ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தில் நாட்டிய நாடகம் தயாரிக்கப் புகுந்தபோதும் இதைத்தான் எடுத்தார். ஏன்? நான் ஒரு சோதனை சொல்லுகிறேன். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வேறு ஊரைப் போட்டுப் பாருங்கள்.

தஞ்சாவூரில் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி செய்தார். தமிழ் நல்ல தமிழ். ஆனால் சரபோஜியின் பெயர் இருக்கிற இடத்தில் இன்னொரு ராஜாவின் பெயரைப் போட்டால் மதனவல்லி மறுத்துவிடுவாளா? மாட்டாள், இவனுக்காகவும் உருகுவாள். அதே காலத்தில் நம் திருநெல்வேலியில் 1774-ல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் தலைவனையே மாற்றினார். தேவமோகினி இயேசுவை நினைத்து உருக, பெத்லகேம் குறவஞ்சி பிறந்தது. துணிச்சலுக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கிறேன். ஆயினும் அவர் பெத்லகேமைக் கண்ணால் பார்த்தவர் அல்லவே! கவிராயர் மலை அவர் வீட்டு வாசலில் நின்ற மலை. குரங்கும் பலாவும் சாரலும் அவர் நாள்தோறும் பார்த்தவை. மனைவியின் காலில் புதுச் சிலம்பைப் பார்த்துப் பாம்பு என்று பதறுகிற அந்தச் சிங்கன் எங்கள் தெருவில் கட்டாயம் நடமாடியிருப்பான். இந்த மலையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தஞ்சாவூரில் வைக்க முடியுமா? வைத்தால் யார் நம்புவார்கள்? அங்கே மலையே கிடையாது.

இந்தச் சோதனையைத்தான் ஜப்பான்காரர்களுக்கும் வைத்தேன்.

ஆறாவது விளையாட்டு 1994-ல் வந்தது. இன்று பார்த்தால் படங்கள் கட்டைவிரல் அளவு. பாதிக் கதையில் கோமாளி வேஷம் போட்ட வில்லன் ஜெயித்துவிடுகிறான். உலகம் நிஜமாகவே நாசமாகிவிடுகிறது. செலஸ் என்ற பெண் ஒரு தீவில் கண்விழிக்கிறாள். அங்கே அவளுக்குத் துணை சிட் என்ற கிழவர் ஒருவர்தான். அவரோ படுத்த படுக்கை. அவருக்கு மீன் பிடித்துக் கொடுக்க வேண்டும். நான் கரையோரம் மெதுவாக நீந்திய மீன்களைச் சுலபமாகப் பிடித்துப் பிடித்துக் கொடுத்தேன். கிழவர் செத்துப்போனார். “மாமா, வேகமா ஓடுத மீனைப் பிடிச்சுக் குடுத்திருக்கணும். மெதுவாப் போறது நோய்பட்ட மீன்” என்றான் மூத்தவன். முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று கோபித்துக்கொண்டேன். சொன்னால் எப்படி? நாவலாசிரியன் நாற்பது பக்கத்தில் செய்ய முடியாததை இவர்கள் நான்கு மீனில் செய்துவிட்டார்கள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அந்தத் தீவை வேறு விளையாட்டில் ஒட்டவைக்க முடியாது.

2001-ல் வந்த பத்தாவதும் அப்படியே. யூனா என்ற பெண் ஊர் ஊராக யாத்திரை போகிறாள். யாத்திரை முடிந்தால் தேசத்தைப் பிடித்த பீடை சிலகாலம் விலகும். அவள் உயிர் போய்விடும். கூட வருகிறவர்கள் எல்லாருக்கும் அது தெரியும், கதாநாயகன் ஒருவனைத் தவிர. எல்லாம் முடிந்த பிறகு அங்கே போகலாம், இங்கே போகலாம் என்று அவன் பேசிக்கொண்டே வருகிறான். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே நடக்கிறார்கள்.

மருமக்கள்மார் கொண்டாடிய இரண்டும் தேறாதவை என்று சொல்லவில்லை. கட்சி நல்ல கட்சி, வக்கீல்கள்தான் சரியில்லை. ஏழாவதில் மிட்கார் என்ற நகரம்: மேலே தட்டுத் தட்டாய்ப் பணக்காரர் வாசம், அடியில் வெயில் படாத சேரி, சுற்றிலும் பூமியின் உயிரையே உறிஞ்சும் உலைகள். பாதி வழியில் ஏரித் என்ற பெண்ணைக் கொன்றுவிடுகிறார்கள். அவளைத் தேற்ற நாம் பட்ட பாடெல்லாம் அவளோடு போய்விடுகிறது. மூத்தவன் இதைச் சொல்லாமல் முறைவைத்த சண்டையைப் பற்றி மூன்று நாள் பேசினான். பதினாறாவதில் ஒரு சிறுமி தன் செல்லத்தைக் காணோம் என்று தேடி வரச் சொல்கிறாள். போய்ப் பார்த்தால் அது நாயும் அல்ல, பூனையும் அல்ல. முகத்தில் முத்திரை குத்தின ஓர் அடிமைப் பெண்ணின் பிணம். இளையவன் அதை வேகவேகமாகத் தாண்டிப் போயிருக்கிறான். நான் கேட்ட பிறகுதான் அவனுக்கே ஞாபகம் வந்தது.

மூத்தவன் கட்சிக்காரர்களின் கூச்சலுக்குப் பலனும் கிடைத்துவிட்டது. 1997-ல் மூன்று தட்டில் அடங்கிய ஏழாவதை இப்போது மூன்று தனி விளையாட்டாக நீட்டி விற்கிறார்கள். 2020-ல் ஒன்று, 2024-ல் ஒன்று. பழைய ஆட்டத்தில் சில மணி நேரத்தில் தாண்டிய மிட்கார் நகரமே 2020-ன் முழு விளையாட்டு. வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுகிறவனுக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

நான் இந்தக் கம்பெனியை மெச்சுவது வேறொன்றுக்காக. 2010-ல் இணையத்தில் எல்லாரும் கூடி ஆடுகிற பதினாலாவதை வெளியிட்டார்கள். படுதோல்வி. மூடிமறைக்கவில்லை, தோல்வி என்று ஒப்புக்கொண்டார்கள். 2012-ல் அந்த உலகத்தின் மீது வானத்துச் சந்திரன் ஒன்றையே விழச்செய்து, ஆடிக்கொண்டிருந்தவர்கள் கண்முன்னாலேயே அழித்தார்கள். நவோகி யோஷிதா என்பவர் பொறுப்பேற்றுத் திரும்பக் கட்டி, 2013-ல் மறுபிறவியாகக் கொண்டுவந்தார். எழுத்தாளர்களில் எத்தனை பேருக்கு இந்த நெஞ்சு உண்டு?

இந்த இடத்தில் நான் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. என் முதல் நாவல் மேலகரத்துத் தெரு ஒன்றின் கதை. அது ஓடியதும், ஒரு பத்திரிகையாசிரியர், பெயர் வேண்டாம், “இதே மாதிரி இன்னொன்று” என்று கேட்டு முன்பணமும் கொடுத்தார். வாங்கிக்கொண்டு செங்கோட்டையில் நடப்பதாக இரண்டாவதை எழுதினேன். அதே தெரு, அதே விதவை அத்தை, அதே பாகப்பிரிவினை. வாசகர்கள் முதலாவதைப் போல் இல்லை என்று எழுதினார்கள். வாசகர்களுக்குப் புதுமை பிடிக்கவில்லை என்று நான் அப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இளையவன் பொத்தான் பெட்டியைக் கீழே வைத்தான்.

“மாமா, உங்க ரெண்டாவது நாவலைப் படிச்சிருக்கேன். அதுல செங்கோட்டைன்னு வாற இடத்துல எல்லாம் விருதுநகர்னு போட்டா என்ன ஆகும்?”

“ஏல, மாமாகிட்டப் பேசுத பேச்சா இது?” என்று உள்ளேயிருந்து அக்கா அதட்டினாள்.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு புத்தகத்தை எடுத்து ஐந்தாறு பக்கத்தில் பென்சிலால் விருதுநகர் என்று எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபதிப்புப் போடலாமா என்று பிரசுரகர்த்தர் கேட்ட கடிதம் மேஜைமேல் கிடக்கிறது. இன்னும் பதில் எழுதவில்லை.