திட்டியவன் பதிவு இருக்கிறது, திட்டு வாங்கியவர் பதிவு இல்லை

1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஊர்க்காரர்களால் ஏ.ஓ.எல். நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியவில்லை. ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்குள் ஒரு கெட்ட வார்த்தை இருந்ததுதான் குற்றம். 2004இல் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்துக்கு வரவேண்டிய மின்னஞ்சல்கள் சில ஆபாசம் என்று தடுக்கப்பட்டன. ஐ.டி. துறைத் தோழர்கள் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கும் சிரிப்பு வரும், நம்மூர்க் கதைக்கு வரும்வரை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த பிரிவு 3(1)(எஸ்) என்ன சொல்கிறது? பொதுப் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றம். எனவே புகார் கொடுப்பவர், எந்தச் சொல்லால் திட்டினான் என்பதை அப்படியே எழுதியாக வேண்டும். 'அசிங்கமாகத் திட்டினார்' என்று காவல் நிலையத்தில் மழுப்பி எழுதினால் வழக்கின் உயிரே போய்விடும். அப்படி எழுத வைக்க எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும் என்பது புகாரோடு அலைந்தவர்களுக்குத் தெரியும்.

சட்டம் எழுதச் சொல்லும் அதே சொல்லை இணையத்தில் எழுதிப் பாருங்கள். டீக்கடையில் ஒரு பெரியவரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதை மாற்றாமல் எழுதி, நடவடிக்கை எடு என்று ஒரு சமூக ஊடகத்தில் பதிவிட்டேன். சில நிமிடங்களில் 'வெறுப்புப் பேச்சு' என்று தூக்கிவிட்டார்கள். மேல்முறையீடு செய்தேன். வந்தது அதே வாசகம், ஒரு எழுத்துகூட மாறாமல்.

அதே தளத்தில் அரிவாளோடு 'ஆண்ட பரம்பரை' ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. 'எங்க வீட்டுப் பொண்ணு' என்று மீசை முறுக்கும் மிரட்டலும் ஓடுகிறது. அதில் எந்தக் கெட்ட வார்த்தையைப் பிடிப்பது? வீரம், மானம், மண், குலம் எல்லாமே நல்ல தமிழ். சாதிவெறிக்கு வசவு தேவையே இல்லை, தோழர்களே. அது மரியாதையாகவே கொலை மிரட்டல் விடும். சொல்லை மட்டும் பார்க்கும் வடிகட்டி அதை விட்டுவிட்டு, அடி வாங்கியவரின் வாயைப் பொத்துகிறது.

இது நம்மோடு முடிவதில்லை. கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சு வழக்கில் உள்ள ட்வீட்களை இத்தகைய கருவிகள் அளவுக்கு அதிகமாக 'இழிவானவை' என முத்திரை குத்துவதை 2019இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கருவிக்குப் பாடம் சொன்ன தரவிலேயே அந்தச் சாய்வு இருந்தது.

வடிகட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் பெண்களின் இன்பாக்ஸில் வந்து விழும் சாக்கடையைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். சாதிப் பெயர் உள்ள பதிவை நீக்குமுன் தமிழும் சாதியும் தெரிந்த ஒரு மனிதர் அதை முழுதாகப் படிக்கட்டும் என்கிறேன். எந்தச் சொல்லுக்காக நீக்கினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அந்தச் சொற்பட்டியலைப் போடும் மேசையில் சேரியிலிருந்து வந்தவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.