சாக்கேயும் சுண்டக்கஞ்சியும்

காரைக்குடி விருந்தில் ஜப்பானிய 'சாக்கே' வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் அரிசியைப் பாதிக்குப் பாதி தீட்டித் தள்ளிவிட்டுச் செய்கிற 'தைகிஞ்சோ'வை மிளகுக்கோழிக்குப் பக்கத்தில் வைப்பது அநியாயம். அதன் மென்மணம் அங்கேயே செத்துவிடும். அதிகம் தீட்டாத 'ஜுன்மாய்' வகையை வெதுவெதுப்பாகக் கொடுங்கள். விலையை ரசிக்கிறவர்களுக்கு இது பிடிக்காது, போகட்டும்.

என் கோபம் வேறு. சாக்கேக்குக் கைகூப்பும் இதே கனவான்கள் சுண்டக்கஞ்சி என்றால் மூக்கைப் பொத்துகிறார்கள். இரண்டும் அரிசிதானே ஐயா! கூழை ஆற்றி, முளையடை கலந்து, இரண்டு நாள் சாடியில் விளையவிட்டு, வலைஞர்கள் சுட்ட மீனோடு விருந்தினருக்குக் கொடுத்ததைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. ஜப்பானியர் முளைக்குப் பதில் பூஞ்சணம் சேர்க்கிறார்கள். பெரிய வித்தியாசம் அதுதான். இன்று அந்த வலைஞர் சாடியை இறக்கினால் போலீஸ் வரும். 2003 முதல் சர்க்காரே கடை வைத்துப் பிராந்தி விற்கிறது.