ஃபைல் கனத்தால் வேலை கிடைக்குமா?

பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு போட்டோஸ்டேட் கடை. எனக்கு முன்னால் நின்ற அப்பா ஒருவர், பொறியியல் படிக்கும் மகளின் ரெசூமேவுக்கு பைண்டிங் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். "முன்னுக்கு பிளாஸ்டிக் அட்டை வைங்கண்ணே. ஃபைல் கனமா இருந்தாத்தான் கம்பெனிக்காரன் மதிப்பான்." கடைக்காரர் பலமாகத் தலையாட்டினார். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர் வேறென்ன செய்வார்?

எட்டிப் பார்த்தேன். கோட்டு போட்ட படம், மதம், திருமண நிலை, அப்பாவின் தொழில், ஆறாம் ஆண்டில் எடுத்த யூபிஎஸ்ஆர் சான்றிதழ். அந்தத் தேர்வையே அரசாங்கம் 2021இல் ஒழித்துவிட்டது. நம் ஃபைல்களில் மட்டும் சாகாவரம் பெற்றுவிட்டது. அடுத்து, வண்ணப் பட்டைகளில் திறமைகள்: சி++ 80 விழுக்காடு. எந்தத் தராசில் நிறுத்தார்களோ! பிள்ளை பாடுபட்டுச் செய்த புரோஜெக்ட் கடைசிக்கு முந்திய பக்கத்தில், இரண்டே சொல்லில்: 'ஐஓடி சிஸ்டம்'.

1913 ஜனவரியில் கணித மேதை ராமானுஜன் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தைவிடச் சிறந்த விண்ணப்பம் உண்டா? சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. சொந்தக் கதை ஏறக்குறைய அவ்வளவுதான். வயதைக்கூட 23 என்று எழுதினார், உண்மையில் 25. அதற்காக ஹார்டி கிழித்துப் போட்டாரா? மற்ற பக்கங்களெல்லாம் தேற்றங்கள். "அவர் மேதையாச்சே" என்று கிளம்பாதீர்கள். மேதையே செய்த வேலையைக் காட்டித்தான் கதவைத் திறந்தார். நாம் ஆறாம் ஆண்டுச் சான்றிதழைக் காட்டித் திறக்கப் போகிறோமாம்!

ரெஃப்ரன்ஸ் பகுதியிடமோ கல்யாணப் பத்திரிகையே தோற்கும். கோயில் தலைவர், கட்சிக் கிளைத் தலைவர், யாரோ ஒரு டத்தோ. பெயரை மட்டும் மாற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நற்சான்று. ராமானுஜனின் தேற்றங்களுக்கு எந்தக் கிளைத் தலைவர் கையெழுத்துப் போட்டார்? போதாததற்குத் தன்முனைப்புப் பேச்சாளர்கள் வேறு. மண்டபம் பிடித்துக் கைதட்ட வைப்பார்கள், ஒரு பிள்ளையின் ரெசூமேவையும் திருத்தித் தரமாட்டார்கள்.

இன்டெல் 1972இல் பினாங்குக்கு வந்தது. நம் அக்காமார் பாயான் லெப்பாஸ் ஆலைகளில் நைட் ஷிஃப்ட் பார்த்தே குடும்பங்களைக் கரையேற்றினார்கள். இத்தனை காலம் பக்கத்திலேயே இருந்தும், அங்குள்ள எஞ்சினியர் ரெசூமேயில் எதைத் தேடுகிறார் என்று கேட்க ஆளில்லை. 'கேபிள்', அதாவது சிபாரிசு, இருந்தால்தான் உள்ளே விடுவான் என்று சொல்ல மட்டும் தெருவுக்குப் பத்துப் பேர்.

தம்பி தங்கைகளே, ஒரு பக்கம் போதும். பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், தொழிற்பயிற்சி எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேண்டும் என்பது. உடனே புரோஜெக்ட்: என்ன சென்சார், சர்க்யூட் போர்டை நீங்களே வரைந்தீர்களா, ஆசிலாஸ்கோப்பில் என்ன கோளாறு கண்டீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள். குழுவில் செய்ததானால் உங்கள் பங்கு எது. பிடிஎஃப் ஆக்கி இன்றைக்கே அனுப்புங்கள்.